நீர்நாய் ஆற்றில் பீவர்கள்

கேள்வி இது: "இங்கிலாந்தில் ஆட்டர் என்ற சின்ன ஆற்றில் பீவர்களை விட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். அது எப்படிப்பட்ட ஆறு? வேறு என்னென்ன உயிர்கள் அங்கே இருக்கின்றன? பீவர் அணை கட்டினால் மீன் மேலே ஏற முடியாதே, வயலும் மூழ்கிப் போகுமே?"

பீவர் என்பது மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும் ஒரு கொறிக்கும் பிராணி. முதலில் ஒரு திருத்தம். அந்த ஆற்றில் பீவர்களைத் திட்டம் போட்டு யாரும் கொண்டுவரவில்லை. ஒருநாள் பார்த்தால் இருந்தன. யார் விட்டது, எங்கிருந்து தப்பியது என்று யாரும் முன்வந்து சொல்லவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஆறு ஓடும் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மீனைப் பற்றியும் வயலைப் பற்றியும் நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அந்த மண்ணிலேயே இருக்கிறது.

ஆட்டர் என்றால் நீர்நாய். இந்த ஆறு இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் மாவட்டத்தின் விளிம்பில் பிளாக்டவுன் குன்றுகளில் பிறந்து, டெவன் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வழியாகத் தெற்கே இறங்கி, ஆங்கிலக் கால்வாயில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 32 கிலோமீட்டர். நல்ல நடை நடப்பவர் இரண்டு நாளில் மூலத்திலிருந்து கடல் வரை போய்விடலாம். ஆனால் கரையோரத்து ஊர்கள் பல இந்த ஆற்றின் பெயரைத்தான் சுமக்கின்றன: ஆட்டர்ஃபோர்டு, அப்பாட்டரி, ஆட்டரி செயின்ட் மேரி, வென் ஆட்டரி, ஆட்டர்டன். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1772இல் பிறந்தது ஆட்டரி செயின்ட் மேரியில்தான். சிறுவனாக இந்த ஆற்றில் கல்லெறிந்து விளையாடியதை வளர்ந்த பிறகு ஒரு கவிதையில் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

பிளாக்டவுன் குன்றுகள் கூர்மையான மலைகள் கிடையாது. மேசை போலத் தட்டையான மேட்டு நிலம். மேலே பச்சை மணற்பாறை, அதற்குக் கீழே களிமண் பாறை. பெய்கிற மழை மணற்பாறைக்குள் இறங்கிக்கொண்டே போய்க் களிமண்ணில் முட்டி நிற்கும். கீழே போக வழியில்லாததால் சரிவின் பக்கவாட்டில் ஊற்றாகக் கசியும். அதனால் இந்தக் குன்றுகளில் ஊற்றுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில், கோடு போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். அந்த இடங்களில் கால் வைத்தால் புல்லுக்கு அடியில் தண்ணீர் சளக்கென்று பிதுங்கும். அந்தக் கசிவுகள் ஒன்றுசேர்ந்து ஓடையாகி, ஆட்டர்ஹெட் ஏரிகளை நிரப்பி, ஆறாகக் கீழே இறங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பண்ணை மாளிகைக்காக அங்கே ஏழு ஏரிகள் வெட்டினார்கள். இன்று இரண்டுதான் மிச்சம்.

ஹானிட்டன் ஊரைத் தாண்டினால் மண் சிவப்பாகிவிடும். நம் செம்மண் காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் அந்நியமாகத் தெரியாது. ஒரு பெருமழை போதும், ஆறு காவி நிறத்தில் ஓடும். வயலின் மேல்மண்தான் அப்படிக் கடலுக்குப் போகிறது. சரிவான நிலத்தில் கால்நடைத் தீவனத்துக்காக மக்காச்சோளம் போட்டு, அறுவடைக்குப் பிறகு மழைக்காலத்தில் நிலத்தை வெறுமையாக விட்டால் இப்படித்தான் ஆகும். இந்த ஆற்றுக்கு இருக்கிற நோய்களில் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். சேறு போய்க் கூழாங்கற்களின் இடுக்கை அடைத்துவிட்டால், அந்த இடுக்கில் முட்டையிடும் ட்ரௌட் மீனின் முட்டைகள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

அடியில் இருக்கும் சிவப்பு மணற்பாறைக்கு 'ஆட்டர் மணற்பாறை' என்றே பெயர். சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பாலைவனமாக இருந்தபோது, அதில் அவ்வப்போது ஓடிய ஆறுகள் கொட்டிய மணல் அது. கிளி மாதிரி வளைந்த அலகு கொண்ட ரிங்கோசார் என்ற ஊர்வனவற்றின் எலும்புகள் இந்தப் பாறையில் கிடைத்திருக்கின்றன. கழிமுகத்துக்கு அருகே பாறை முகத்தில் செங்குத்தாகக் குழாய் குழாயாகச் சுண்ணாம்பு இறங்கியிருப்பதைக் காணலாம். அந்தப் பாலைவனத்துச் செடிகளின் வேரைச் சுற்றிப் படிந்த சுண்ணாம்பு அது. வேர் போய்விட்டது, உறை நிற்கிறது. இதே பாறைதான் இன்று நிலத்தடி நீரைத் தேக்கி வைத்து சுமார் 2 லட்சம் பேருக்குக் குடிநீர் தருகிறது.

ஆறு கடலைச் சேரும் பட்லி சால்டர்டன் ஊரில் கடற்கரை முழுக்க உருண்டையான, வழவழப்பான கூழாங்கற்கள். சில கற்கள் இட்லி அளவு, சில தேங்காய் அளவு. இவை அந்த மணற்பாறைக்கும் முந்திய ஒரு பேராறு உருட்டி வந்தவை. இப்போது பிரான்ஸில் பிரிட்டனி என்று சொல்கிறோமே, அந்தப் பக்கத்துப் பாறைகள் இவை. சில கற்களுக்குள் இருக்கும் சிப்பிப் புதைபடிவங்கள் அங்கே உள்ள பாறையின் புதைபடிவங்களோடு ஒத்துப்போவதை வைத்து 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அலைகள் இந்தக் கற்களை மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளித் தள்ளி, ஆற்றின் வாயை அடைத்துக் கரைபோல ஒரு திட்டை எழுப்பியிருக்கின்றன. அதனால் ஆறு நேராகக் கடலுக்குப் போக முடியாமல் ஒதுங்கி, கிழக்குச் செங்குத்துப் பாறையை ஒட்டிய சின்ன இடைவெளியில் நுழைந்து வெளியேறுகிறது. ஒரு பழைய ஆற்றின் கல் புது ஆற்றின் வாயை மூடியிருக்கிறது. அந்தத் திட்டின் மேல் உட்கார்ந்து ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். கல்லை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது, தடை இருக்கிறது. இந்தக் கடற்கரை 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஜுராசிக் கோஸ்ட்டின் பகுதி.

இப்போது பீவர்.

பிரிட்டனில் பீவர் அழிந்து சுமார் 400 ஆண்டுகள் ஆகின்றன. ரோமத்துக்காகவும், இறைச்சிக்காகவும், வாலடியில் சுரக்கும் வாசனைப் பொருளுக்காகவும் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். 2000களின் பிற்பகுதியில் ஆட்டர் கரையில் மரங்கள் வினோதமாகக் கடிபட்டிருப்பதை ஊர்க்காரர்கள் கவனித்தார்கள். 2014 தொடக்கத்தில் மூன்று பீவர்கள் வீடியோவில் பதிவாயின. அவை குட்டி போட்டுப் பெருகுகின்றன என்பது உறுதியானது. ஐரோப்பிய பீவர்களில் இருக்கக்கூடிய, மனிதருக்கும் தொற்றும் ஒரு நாடாப்புழுவைக் காரணம் காட்டி, பிடித்து அகற்றப்போகிறோம் என்றது அரசு. ஊர் மக்கள் விடவில்லை. கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் டெவன் வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் என்ற காட்டுயிர் பாதுகாப்பு அமைப்பு, பீவர்களை ஆற்றிலேயே விட்டுப் பார்க்கும் ஐந்தாண்டுச் சோதனைக்கு அனுமதி கேட்டது. 2015 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. பீவர்களைப் பிடித்துப் பரிசோதித்தார்கள், புழு இல்லை. பிடித்த ஆற்றிலேயே திரும்ப விட்டார்கள். ரத்த உறவுக்குள்ளேயே இனம் பெருகக் கூடாது என்று பிறகு வெளியிலிருந்து புதிய இணையும் சேர்த்தார்கள். நீங்கள் படித்தது இந்த நிகழ்வுகளில் ஒன்றாக இருக்கலாம். எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் கூடவே இருந்து எல்லாவற்றையும் அளந்தது. 2020 ஆகஸ்டில் பீவர்கள் இந்த ஆற்றிலேயே நிலையாக இருக்கலாம் என்று அரசு அறிவித்தது. 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்து முழுவதும் பீவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

பீவர் மீன் தின்னாது. பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. நீர்நாய்தான் மீன் தின்னும். பீவர் கொறிக்கும் பிராணி, முழுச் சைவம். கோடையில் புல், நீர்ச்செடிகள். குளிர்காலத்தில் வில்லோ மரத்தின் பட்டை. வளர்ந்த பீவர் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். கடித்துத் தள்ளிய வில்லோ மரத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். மிச்சம் நின்ற அடிமரம் சீவிய பென்சில் முனை மாதிரி. சுற்றிலும் விரல் நீளத்துக்குச் செதில்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தடவினால் உளியால் இழைத்தது போல இரண்டு பற்களின் பள்ளம் பக்கத்தில் பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும். அந்தப் பற்கள் ஆரஞ்சு நிறம். எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் வந்த நிறமும் உறுதியும் அது. வில்லோ அதோடு செத்துப்போவதும் இல்லை. நம் ஊரில் பூவரசை வெட்டினால் துளிர்க்குமே, அதே போல அடியிலிருந்து கொத்தாகக் கிளைக்கும்.

அணை விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய ஆற்றில் பீவர் அணை கட்டாது. ஆட்டரின் முதன்மை ஓட்டத்தில் ஆழம் போதுமான அளவு இருக்கிறது. அங்கே கரையைக் குடைந்து, வாசலைத் தண்ணீருக்கு அடியில் வைத்து வசிக்கும். ஆழமில்லாத கிளை ஓடைகளில்தான் அணை. ஆழமான தண்ணீர் அதற்குப் பாதுகாப்பு, ஆபத்து என்றால் முங்கி மறைய இடம். குச்சி, சேறு, கல் கொண்டு கட்டும் அந்த அணை நம் கல்லணை போல இறுகிய கட்டுமானம் இல்லை. பத்து இடங்களில் ஒழுகும். தண்ணீர் மேலே வழியும், ஊடே கசியும், ஓரமாகப் புல்லுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு வரும்.

மீன் எப்படி மேலே ஏறும் என்றால், இந்த ஓட்டைகளும் ஓரங்களும்தான் வழி. ஆற்றில் தண்ணீர் ஏறும் நாட்களில் ட்ரௌட் மீன்கள் அணைகளைத் தாண்டி மேலும் கீழும் போவது சோதனைக் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. அணைக்கு மேலே தேங்கிய குட்டைகளில் மீன் எண்ணிக்கை, ஒப்பிடத்தக்க மற்ற ஓடைப் பகுதிகளைவிட 37 சதவீதம் அதிகமாக இருந்தது. காரணம் புரியாததல்ல. குட்டையில் பூச்சி அதிகம், விழுந்த மரங்களின் நிழலில் ஒளிய இடம் அதிகம், மேலிருந்து வரும் சேற்றை அணை பிடித்துக்கொள்வதால் கீழே கூழாங்கல் சுத்தமாக இருக்கும். அதற்காக எல்லா ஓடையிலும் எல்லா அணையும் நல்லதே செய்யும் என்று சொல்லிவிட மாட்டேன். கோடையில் தண்ணீர் மிகக் குறைந்த காலத்தில் ஒரு அணை மீனுக்குத் தடையாக நிற்கலாம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கையாள வேண்டும். மனிதர் கட்டிய கான்கிரீட் தடுப்பணைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆட்டர்டனில் மாவு அரைக்கும் தண்ணீர் ஆலை 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. அதாவது மீனுக்குத் தடை போடுவதை நாம் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவருகிறோம்.

வயல் மூழ்குமா என்றால், மூழ்கும். அதை மறைக்கக் கூடாது. சமதளமான வயல் ஓரத்து ஓடையில் அணை வந்தால் வேர் அழுகும் அளவுக்கு நீர் தேங்கும். ஆட்டரிலும் அப்படி நடந்தது. அதற்கு அங்கே கையாளும் வழிகள் எளிமையானவை. அணைக்கு ஊடே ஒரு குழாயைச் செருகி நீர்மட்டத்தைக் குறிப்பிட்ட உயரத்தில் நிறுத்துகிறார்கள். தேவைப்பட்டால் அணையைப் பிரிக்கிறார்கள். முக்கியமான மரங்களைக் கம்பி வலையால் சுற்றுகிறார்கள், அல்லது மணல் கலந்த பெயின்ட் அடிக்கிறார்கள். மணலைக் கடிக்க பீவருக்குப் பிடிக்காது. ஆனால் இதெல்லாம் நடக்க ஒரு ஆள் வேண்டும். விவசாயி போன் செய்தால் அன்றைக்கே வந்து பார்க்கிற ஆள். சோதனைக் காலத்தில் அப்படி ஆள் இருந்தது. பீவரை வேறு ஆறுகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கிவிட்டுப் பிறகு பீவரைப் பற்றிப் பேச வேண்டும் என்பேன். நஷ்டப்படுவது ஒரு குடும்பமாகவும் பலன் பெறுவது ஊராகவும் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஈடு கொடுப்பதுதான் நியாயம்.

ஊருக்கு என்ன பலன் என்பதற்கு ஈஸ்ட் பட்லி கிராமம் நல்ல உதாரணம். ஆட்டரில் கலக்கும் ஒரு சின்ன ஓடை அந்தக் கிராமத்துக்குள் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் வீடுகளுக்குள் புகும். கிராமத்துக்கு மேலே பீவர் ஒரு வரிசை அணை கட்டியது. அதன் பிறகு கனமழையின்போது கிராமத்துக்குள் வரும் வெள்ளத்தின் உச்சம் அளவிடத்தக்க அளவு குறைந்தது. தண்ணீர் எங்கும் காணாமல் போகவில்லை. ஒரே மூச்சில் வராமல் மெல்ல மெல்ல வருகிறது, அவ்வளவுதான். இதன் அருமை இந்தப் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் தெரியும். 2008 அக்டோபர் 30 அதிகாலையில் ஆட்டரி செயின்ட் மேரியில் ஆலங்கட்டி கொட்டித் தீர்த்தது. சில இடங்களில் பனிக்கட்டி ஒரு மீட்டருக்கு மேல் குவிந்தது. அது வடிகாலை அடைத்துத் தெருக்களில் வெள்ளம் ஓடியது. சின்ன ஆறுகள் அப்படித்தான், நிதானமாக ஏறுகிற பழக்கமே கிடையாது.

பெயருக்குரிய நீர்நாயை மறந்துவிடக் கூடாது. 1950களின் பிற்பகுதியிலிருந்து டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் மீன் வழியாக உடம்பில் ஏறி, இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாய் இல்லாமல் போனது. டெவன் போன்ற தென்மேற்கு மூலைகளில்தான் கொஞ்சம் தங்கியது. மருந்துகள் தடைசெய்யப்பட்டு, 1978இல் சட்டப் பாதுகாப்பும் வந்த பிறகு மெல்லத் திரும்பியது. 2011இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் தடம் கிடைத்தது. ஆற்றின் நடுவே துருத்தி நிற்கும் பாறை மேல், பாலத்தின் அடியில், அதன் எச்சத்தைத் தேடலாம். கறுப்பாக, மீன்முள்ளும் செதிலும் தெரியும். மோந்து பார்த்தால் துர்நாற்றம் இருக்காது, ஒருவித இனிப்புக் கலந்த மீன்வாடைதான்.

பறவைகளில் எனக்குப் பிரியமானது டிப்பர். தமிழ்நாட்டில் இல்லாத பறவை என்பதால் தமிழ்ப் பெயரைத் தேடி ஒட்டவைக்காமல் அப்படியே சொல்கிறேன். கரிய உடல், பளீரென்ற வெள்ளை நெஞ்சு, மைனாவைவிடச் சின்னது. பாறை மேல் நின்று உட்கார்ந்து எழுவது போலக் குனிந்து நிமிரும். பிறகு ஓடும் தண்ணீருக்குள் அப்படியே நடந்து இறங்கி, அடியில் கல்லைப் புரட்டிப் பூச்சி பிடித்துக்கொண்டு வேறு இடத்தில் வெளியே வரும். மீன்கொத்தி உண்டு. வயிறு மஞ்சளாக இருந்தும் சாம்பல் வாலாட்டி என்று பெயர் வாங்கிய பறவையும் உண்டு. குளிர்காலத்தில் நீலகிரி ஓடைகளில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதும் இதே இனம்தான். ஆறு அரித்துச் செங்குத்தாக நிற்கும் சிவப்புக் கரைகளில் வரிசையாகத் துளைகள் தெரியும். மணல் தகைவிலான்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வசந்தத்தில் வந்து குடையும் கூடுகள் அவை. கரை சரியாமல் கல் கட்டிவிட்டால் அவற்றுக்கு வீடு இல்லை.

கரையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூக்கள் மண்டிக் கிடக்கும். பார்க்க அழகு. இமயமலைக் காசித்தும்பை அது. 1839இல் தோட்டத்துக்காக இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள், வேலி தாண்டிவிட்டது. முற்றிய காயை விரல் நுனியால் தொட்டால் நம் வீட்டுக் காசித்தும்பை போலவே படக்கென்று சுருண்டு விதையைத் தெறிக்கும், 7 மீட்டர் வரை. சிறுவயதில் அந்தக் காயை வெடிக்கவைத்து விளையாடிய விரலுக்கு இங்கே அதைத் தொடும்போது ஒரு குற்ற உணர்ச்சி வருகிறது. மற்ற செடிகளை நிழலால் கொன்றுவிட்டு, குளிர் வந்ததும் இதுவும் செத்துப்போகும். கரை வெறும் மண்ணாக நிற்கும்போது வெள்ளம் வந்து அரித்துக்கொண்டு போகும். பூக்கும் முன்னால் தொண்டர்கள் இறங்கிக் கையால் பிடுங்குகிறார்கள். வேர் ஆழம் இல்லாததால் சுலபமாக வந்துவிடும். இதை மட்டும் தாக்கும் ஒரு துருப்பூஞ்சையையும் இமயமலையிலிருந்தே கொண்டுவந்து 2014 முதல் இங்கிலாந்தில் பரப்பிப் பார்க்கிறார்கள்.

கழிமுகத்தில் நடந்திருக்கும் மாற்றம் பீவர் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல. 1811-12இல் ரோல் பிரபு என்ற நிலக்கிழார் கழிமுகத்தின் மேற்குப் பக்கம் நீளமாக மண்கரை போட்டுக் கடல் தண்ணீரைத் தடுத்து மேய்ச்சல் நிலமாக்கினார். 200 ஆண்டு அந்தக் கரை நின்றது. ஆனால் வெள்ளம் வந்து உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கும். பட்லி சால்டர்டன் கிரிக்கெட் கிளப் மைதானம் அந்தத் தாழ்நிலத்தில்தான் இருந்தது, மறுபடி மறுபடி மூழ்கியது. கடல்மட்டமும் உயர்ந்துவரும் நிலையில், பழைய கரையைத் தூக்கிக் கட்டிக்கொண்டே போவதைவிடத் திறந்துவிடுவது மேல் என்று முடிவெடுத்தார்கள். கிரிக்கெட் மைதானத்தை மேட்டுக்கு மாற்றி, சாலையை உயர்த்தி, 2023இல் கரையை உடைத்தார்கள். உடைத்த இடத்தின் மேல் நடைபாலம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓதம் அதன் அடியில் புகுந்து சுமார் 55 ஹெக்டேரில் பரவுகிறது. புல் செத்து, சேறு படிந்து, அதில் நம் கோடியக்கரை உப்பளங்களில் பார்க்கும் உமரியின் உறவுச் செடிகள் முளைக்கின்றன. பவளக்காலி சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். வயல்வெளியில் நாம் தினம் பார்க்கும் அதே சின்ன வெள்ளைக்கொக்கும் நிற்கும். பிரிட்டனில் அது முதன்முதலாகக் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது 1996இல்தான், பக்கத்து டார்செட் மாவட்டத்தில். இப்போது தென்கரையோரம் முழுக்க வாடிக்கையாகிவிட்டது. வயதானவர் ஒருவர் பாலத்தில் நின்று, இங்கே மாடு மேய்ந்த இடம் இது என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தமும் உண்மைதான். அவர் கண்ணுக்குப் பழகிய பசுமை ஒன்று போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். பட்லி சால்டர்டனிலிருந்து கரையோரப் பாதையில் நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டர்டன் வந்துவிடும். கழிமுகத்தைப் பகலில் பார்த்துவிட்டு, சூரியன் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஆட்டர்டன் பாலத்துக்கு மேலே எங்காவது கரையில் உட்காருங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாக இருக்கட்டும், பீவருக்கு மோப்பம் அதிகம். நாயைக் கூட்டிப்போக வேண்டாம். ஒரு பழுப்புத் தலை V வடிவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். இலைக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கும் சத்தம் எதிர்க்கரையிலிருந்தே கேட்கும். யாராவது எழுந்து நடமாடினால் தட்டையான வாலால் தண்ணீரை ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு முங்கிவிடும். மற்ற பீவர்களுக்கு அது எச்சரிக்கை. அந்தச் சத்தம் கேட்டால் பையை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் கிளம்பிவிடுங்கள். அன்று அந்த இடத்தில் இனி ஒன்றும் வெளியே வராது.